அங்கீகாரம் வராத மருந்துக்கு நான் சொன்ன சாட்சி

என்னோடு ஜெபிக்கிறவர்களே, சென்ற ஆண்டு உங்கள் முன் நான் சொன்ன சாட்சியில் பாதியை விட்டுவிட்டேன். அதனால் என் தங்கை சாகக் கிடந்தாள். விட்டதையும், பிறகு தேவன் செய்த உதவியையும் எழுதுகிறேன்.

சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் நோய் எங்கள் குடும்பத்தில் உண்டு. அப்பா அதில்தான் போனார். எனக்கும் வந்தது. வெள்ளறடையில் வாழும் என் தங்கை லீலாவுக்கும் வந்தது. கட்டிகள் பெருகினால் கடைசியில் டயாலிசிஸ்தான்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்த நோய்க்குத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் புதிய மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று அறிந்து சேர்ந்தேன். ஆய்வகத்தில் உருவாக்கிய சிறிய மூலக்கூறு அது. உயிரணுவுக்குள் நுழைந்து, கட்டியை வளரச் சொல்லும் சமிக்ஞையை அடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. லீலாவைச் சேர்க்கவில்லை. அவள் சிறுநீரகம் அதற்கான வரம்பைத் தாண்டிக் கெட்டிருந்தது.

ஒரு வருடத்தில் என் கால் வீக்கம் வடிந்தது. இரத்தப் பரிசோதனையும் மோசமாகவில்லை. ஜெபக்கூட்டத்தில் எழுந்து, தேவன் எனக்கு மருந்து தந்தார், அடுத்த கிறிஸ்துமசுக்குள் அது கடைக்கு வந்துவிடும் என்று சொன்னேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். அது எனக்கு இனித்தது.

சொல்லாமல் விட்டது இது. சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. நான் உப்பைக் குறைத்ததால்கூட வீக்கம் வடிந்திருக்கலாம். இதைவிடப் பெரிய சோதனை இன்னும் பாக்கி. அதில் தேறினால்தான் அரசு அனுமதியைப் பற்றியே பேச முடியும். இந்தக் கட்டம் வரை வந்து விழுந்த மருந்துகள் ஏராளம். இவ்வளவும் தெரிந்தவன் நான்.

லீலா அந்தக் கூட்டத்தில் இருந்தாள்.

மழைக்காலத்தில் அவளுக்கு டயாலிசிஸ் தொடங்கச் சொன்னார்கள். "அண்ணனுக்க மருந்து வரட்டும். அதுக்கு மின்னே எனக்க கையில ஊசி குத்தண்டாம்" என்று மறுத்துவிட்டாள்.

அவள் கணவர் தங்கையன் என்னிடம், "ஆரு சொன்னாலும் கேக்கமாட்டா மச்சான். நீங்க சொன்னதாக்கும் அவளுக்கு வேதம்" என்றார்.

ஓணம் முடிந்தபோது அவள் முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, நாற்காலியிலேயே தூங்கினாள். மருந்து சீக்கிரம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று நான் முழங்காலில் நின்று ஜெபித்தேன். ஒரு நாள் அந்த ஜெபம் எனக்கே உறைத்தது. நாளைக்கே மருந்து வந்தாலும் அவ்வளவு கெட்டுவிட்ட சிறுநீரகத்துக்கு அது உதவாது. என் மானத்தைக் காப்பாற்றவே கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுதலை மாற்றினேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாயையும், அதைக் கேட்க அவளுக்கு மனதையும் தாரும் என்றேன்.

அந்த ஞாயிறு, உங்களில் சிலரோடு மட்டும், ஜெபக்கூட்டத்தை அவள் வீட்டில் வைத்தோம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அந்த மாத்திரை பொய்யாக்கும்?" என்று தங்கையன் கேட்டார்.

"பொய்யின்னு சொல்லல்ல. பலிக்குமான்னு ஆருக்கும் தெரியாது. எனக்கு கிட்டினது மருந்துதானான்னும் தெரியாது" என்றேன். லீலாவைப் பார்த்து, "உனக்கு காத்திருக்க நேரம் இல்ல, மக்கா" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"காலேஜ்ல பிள்ளியளுக்கும் இப்படி பாதிதான் படிப்பிச்சியளா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். மூச்சு வாங்கியபடி அவளும் சிரித்தாள். பிறகு கணவரிடம், "ஆட்டோவ விளியுங்க. நாளைக்குன்னா எனக்க மனசு மாறும்" என்றாள்.

அன்று மாலையே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் தொடங்கினார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இப்போது வாரத்தில் மூன்று நாள் பேருந்தில் போய் வருகிறாள்.

என்ன கேட்பது என்று தெரியாத என்னைத் தேவன் முதலில் திருத்தினார், பிறகு கேட்டதைத் தந்தார்.

மருந்தின் சோதனை இன்னும் முடியவில்லை. தேறலாம், கைவிடப்படவும் கூடும். யார் கேட்டாலும் தெரியாது என்றே சொல்கிறேன். தேறினால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவும், அதற்காகவும் ஜெபியுங்கள்.

உங்களில் யாரேனும் அற்புதத்துக்குக் காத்து, கையில் இருக்கும் சிகிச்சையைத் தள்ளி வைத்திருந்தால், இன்றே புறப்படுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் அவர் உங்களோடு இருப்பார். அவரை நம்புங்கள். என் தங்கை உயிரோடு இருக்கிறாள். அவருக்கே ஸ்தோத்திரம்.