வசுமதியின் அண்ணன்கள்

ஒரு வெள்ளிக்கிழமை இளங்கோ ரயில்வே ஸ்டேஷனில் ஓடினான். வசுமதி ரயிலில் நின்றாள். அவன் கை, அவள் கை, நடுவில் ஒரு சாண். தொடரும் என்று போட்டார்கள்.

தொடரவில்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கு வேறு பாட்டு, வேறு முகங்கள். சேனல் மாறிவிட்டது என்று அம்மா நினைத்தாள். ரிமோட்டைத் தொடையில் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு கேபிள்காரருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்த நாடகத்தை நிறுத்திட்டாங்கக்கா. ஓடலையாம்."

"ஓடலைன்னா? நாங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"நான் வெறும் ஒயர் இழுக்கிறவன்க்கா."

நான் அப்போது நாலாவது படித்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறை வீடு. எங்கள் அம்மா எதற்கும் கலங்காத ஆள். கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டியபோதுகூட, எண்ணெய் போச்சே என்றுதான் சொன்னாள். அவள் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் ரசமும் அப்பளமும். அதற்கு மறுநாளும் ரசம். தலையில் பூ வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா துக்கம் கேட்க வந்தது. அதுவும் அதே நாடகம்தான்.

"சேத்து வச்சிட்டாவது நிறுத்தியிருக்கலாம். பாவிங்க."

"அந்தப் பொண்ணு வீட்டை விட்டு வந்துருச்சு. திரும்பவும் போக முடியாது. இவனும் கையைப் பிடிக்கலைன்னா எங்க போகும்?"

அம்மா சொன்னதைக் கேட்டு எனக்கும் பயம் வந்துவிட்டது. வசுமதி இன்னும் ரயில் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. பகலில் தூங்கி, ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார். நாடகம் பிடிக்காது என்று நினைத்திருந்தோம். ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் ரெண்டு, "குழம்பு ஊத்து".

நாலாவது நாள் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அந்தப் பொண்ணு இறங்கிருச்சு."

"எந்தப் பொண்ணு?"

"ட்ரெயின்ல போச்சே, அது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மார்க்கெட் டீக்கடையில் டிஷ் வைத்திருக்கிறார்களாம். அதில் வேறொரு சேனலில் நாடகம் தொடர்கிறதாம். ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் போடுகிறார்களாம். மார்க்கெட்காரர்கள் மட்டும்தான் அந்நேரம் முழித்திருப்பார்கள்.

"எங்க இறங்குச்சு?"

அப்பா யோசித்தார். "லால்குடியில."

அதுவரை கதை கோயம்புத்தூரில் நடந்தது. அப்பா வாய்க்கு வந்ததும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஏழரைக்கு டிவியை அணைத்துவிடுவோம். அப்பா தட்டின் முன்னால் உட்காருவார். நாங்கள் அவர் முன்னால் உட்காருவோம். மில் முதலாளி மகன் இளங்கோ, அப்பா கதையில் வாழைத்தார் தூக்கினான். வசுமதி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை போட்டாள். வில்லி காரில் வருவதை விட்டுவிட்டு லாரியில் வந்தாள். வெங்காயம் வாங்கப் போய், எடைக்கல்லில் ஏமாந்து, மண்டியில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தது. அதற்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"அண்ணே, இவ்வளவு பேசுவீங்களா நீங்க?"

"நானா பேசுறேன்? நாடகத்துல பேசுறாங்க."

ரசம் போய்ச் சாம்பார் வந்தது. கருவாடு வந்தது. கதை நன்றாக இருந்தால் அப்பாவுக்கு முட்டை உண்டு.

பள்ளிக்கூடத்தில் நான் தினமும் கதை சொன்னேன். டிஷ் வைத்திருக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, அப்படி ஒரு நாடகமே எந்தச் சேனலிலும் வரவில்லை என்றாள். அவள் கையைக் கடித்துவிட்டேன். டீச்சர் முட்டிபோட வைத்தார். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அப்பா தட்டையே பார்த்தார். அம்மாதான் உடனே சொன்னாள்.

"அவ வீட்டு டிஷ் சின்னது. அதுல வராது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாவுக்கும் நிம்மதியாக இருந்தது என்பதை நான் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

ஒரு நாள் அப்பா பெரிய விஷயம் சொன்னார். "வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம்."

நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை.

"ஆடி மாசத்துலயா?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. டிவி நாடகத்தில் பொங்கலன்றைக்குப் பொங்கல், தீபாவளியன்றைக்குத் தீபாவளி. ஆடியில் கல்யாணம் வைக்க எந்த நாடகக்காரனுக்கும் துணிச்சல் வராது. மூட்டை தூக்குகிறவருக்கு மாசம் தெரியவில்லை.

அம்மா அவரையே பார்த்தாள். கோபம் இல்லை.

"தள்ளி வைங்க. ஆவணியில வைங்க."

"சரி," என்றார் அப்பா.

"அப்பா சொன்னா டிவிக்காரங்க கேப்பாங்களாம்மா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசியதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மாசம் அப்பா இழுத்தார். வில்லிக்குக் காய்ச்சல் வந்தது. பத்திரிகை அடிக்கிற இடத்தில் கரண்ட் போனது. ஆவணி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா தூங்காமல் மத்தியானம் வரை முழித்திருந்தார். வாழை இலை, ஒரு பந்து மல்லிகை, ஜிலேபி எல்லாம் கொண்டுவந்திருந்தார். அம்மா பாயசம் வைத்தாள். இருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டினாள். எதற்கு என்று கேட்டேன்.

"கல்யாணம் கேக்கப் போறோம்ல. நைட்டியோடயா கேப்பாங்க?"

இலை போட்டு உட்கார்ந்தோம். அம்மாதான் கேட்டாள், அப்பா பதில் சொன்னார்.

"மண்டபம் எங்க?"

"இங்கதான். அம்மா மண்டபம் ரோட்டுல."

"மேளம்?"

"ரெண்டு செட்டு."

"புடவை?"

"அரக்கு. கையகலத்துக்கு ஜரிகை."

 அம்மா இலையில் உப்பை ஓரமாகத் தள்ளினாள்.

"யார் யார் வந்தாங்க?"

அப்பா தண்ணீர் குடித்தார். முழுச் சொம்பையும் குடித்தார்.

"அண்ணனுங்க மூணு பேரும் வந்தாங்க. முசிறியிலேர்ந்து."

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லா நாளும் நாடகம் பார்த்தவள் நான். "வசுமதிக்கு அண்ணனே கிடையாதேப்பா! அவ ஒத்தப் பொண்ணு!"

"இருக்காங்க. நீ சாப்பிடு," என்றாள் அம்மா. அப்பாவிடம் திரும்பினாள். "பெரியவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அழுதாரு."

"அவராவது, அழுவறதாவது."

"அழுதாரு."

"சின்னது?"

"ஓடி ஓடிப் பரிமாறுச்சு."

"நடுவுல உள்ளவரு சண்டை போட்டிருப்பாரே?"

"போட்டாரு. பாயசத்துல முந்திரி இல்லைன்னு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அப்பா இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். எனக்குக் கோபம். நாடகத்தில் எனக்குத் தெரியாத ஆட்களை அம்மா எப்படித் தெரிந்துவைத்திருக்கிறாள்?

மறுநாள் ஏழரைக்கு அப்பா, நாடகம் முடிஞ்சிருச்சு என்றார். அழுதது நான் மட்டும்தான். அம்மா தலையில் பூவோடு குழம்பு ஊற்றினாள்.

எங்கள் அம்மாவுக்கும் ஊர் முசிறி. நாங்கள் போனதே இல்லை. அங்கிருந்தும் யாரும் வந்ததில்லை. கேட்டால், பஸ் சரியில்லை என்பாள். எங்கள் வீட்டில் கல்யாண போட்டோ கிடையாது. எனக்குக் காது குத்தியது அப்பா மடியில் வைத்து. அதற்குத் தாய்மாமன் மடி என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போது தெரியாது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தால், முசிறி பஸ் ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டேதான் இருந்தது. ஒவ்வொன்றாக ஓடிப்போய் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை அம்மா என் சடையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடி தேடுற?"

"வசுமதியோட அண்ணனுங்க வர்றாங்களான்னு பாக்குறேன்."

அம்மா அந்த பஸ்ஸைப் பார்த்தாள். கிளம்பி, வளைவில் திரும்பும்வரை பார்த்தாள்.

"ஜன்னல்ல பாத்தா தெரியாது. பெரியவருக்குக் காத்து ஆகாது. காதுல பஞ்சு வச்சுக்கிட்டு உள்பக்கமாத்தான் உக்காருவாரு."

அதற்குப் பிறகு நான் உள்பக்கமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.