எடெல்வினாவின் நான்கு கத்திகள்

என் தங்கை எடெல்வினா லெமோஸ் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழாம் மாதத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது என்று மருத்துவச்சி சொன்ன குழந்தை, தாங்கினாள். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் ஆடுமாடு அறுக்கும் வேலைக்குப் பெண்ணை வைத்ததில்லை. பதினெட்டு வயதில் அந்த வேலையைக் கேட்டு வாங்கி முப்பத்தேழு வருடம் பார்த்தாள். 1958இல் சந்தைத் திடலில் நடந்த தோலுரிப்புப் போட்டியில் பதினொரு ஆண்களுக்கு நடுவே இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவன் உரித்த தோலில் ஒரு ஓட்டை இருந்தது. அதை என் கண்ணாலேயே பார்த்தேன். புருஷன் இறந்ததும் அவன் அண்ணன்மார் பிடுங்கப் பார்த்த ஏழு ஹெக்டேர் நிலத்தை விடாமல் வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். கடைசியாக, தன் கத்திகளைத் தான் உயிரோடு இருக்கும்போதே, சண்டையில்லாமல் கொடுத்து முடித்தாள். இவற்றில் பெரியது அந்தக் கடைசிக் காரியம்தான் என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மூத்தவன், டால்மிரோ. மூன்றாம் வகுப்போடு நின்றவன். வேலி போடுவது என் தொழில் என்பதால் எதையும் அளந்து எழுதிவைப்பேன்.

கத்திகள் நான்கு. அகலக் கத்தி, அலகு பதினான்கு விரல்கடை. மெல்லிய கத்தி, எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிக்க, ஒன்பது விரல்கடை. வாங்கும்போது ஒன்பதாக இருந்து, தீட்டித் தீட்டி ஏழாகிப்போன பழைய கத்தி. நான்காவது, எங்கள் தாத்தாவின் வெள்ளிப்பிடிக் கத்தி, பன்னிரண்டு. பிடியில் ஒரு குதிரைத்தலை செதுக்கியிருக்கும்.

அந்த நான்காவது கத்திதான் வினை. தாத்தா யாருக்கு என்று சொல்லாமல் 1935இல் இறந்தார். மூத்தவன் என்று அப்பா எடுத்துக்கொண்டார். தனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார் என்றார் சித்தப்பா சபினோ. இருவரும் இருபத்தாறு வருடம் பேசவில்லை. இரு வீட்டுக்கும் இடையில் ஓடியது ஒரு சிற்றோடை, கூப்பிட்டால் கேட்கும். சித்தப்பா இறந்த செய்தி வந்தபோது அப்பா குதிரைக்குச் சேணம் கட்டினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவிழ்த்துவிட்டார்; சாவுக்குப் போகவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் எடெல்வினா. அப்பாவுக்குப் பிறகு கத்தி எனக்கு வந்தது. எனக்கு வேண்டாம், நீ வைத்துக்கொள் என்று அவளிடம் கொடுத்துவிட்டேன்.

1988இல் அவள் வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. அத்தனை குளிர்காலமும் ஓடைத் தண்ணீரில் கழுவிய கை. வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வேலையை விட்டதும் பிள்ளைகளின் கண் கத்திகள் மேல் போனது. மறு வருடம் மார்ச்சில், சாப்பாட்டு மேசையில், பெரியவன் ஒல்வர் வெள்ளிப்பிடி தனக்குத்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னான். சின்னவன் ரூபென், அம்மாவோடு இங்கேயே இருந்து மாடு பார்த்தவன் நான் என்றான். ஒல்வர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். அதற்குப் பிறகு அவன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரூபென் வீட்டில் இருக்கமாட்டான். மகள் மிர்தா மட்டும் இருவரிடமும் பேசினாள்.

எடெல்வினா தூங்கவில்லை. "அண்ணே, அந்தக் குதிரைச் சேணத்தைத் திரும்பவும் அவிழ்க்கவிடமாட்டேன்," என்றாள். நானே யாருக்கு எது என்று பிரித்துத் தருகிறேன் என்றேன். நீ பிரித்தால் உன்னோடும் பேசமாட்டார்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஜூலையில், இரண்டு பன்றி அறுக்க வரச்சொல்லி எங்களுக்கு ஆள் அனுப்பினாள். பன்றி அறுக்கக் கூப்பிட்டு எங்கள் பக்கத்தில் யாரும் வராமல் இருந்ததில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: யாரும் தன் கத்தியைக் கொண்டுவரக் கூடாது. இடுப்பில் கத்தி இல்லாமல் வெளியே வருவது கால்சட்டை இல்லாமல் வருவதுபோல. ஒல்வர் வந்தவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். ரூபெனும் அப்படித்தான். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கொட்டகை மேசையில் சாக்கை விரித்து நான்கு கத்திகளையும் வைத்திருந்தாள். "இருக்கிறது நாலு, ஆளும் நாலு பேரு. எது கைக்கு வருதோ அதுல வேலை பாருங்க," என்று சொல்லிவிட்டு மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையோடு அடுப்போரம் உட்கார்ந்தாள்.

நினைத்தபடியே ஒல்வர் வெள்ளிப்பிடியை எடுத்தான். ரூபென் மெல்லிய கத்தியை வெடுக்கென்று எடுத்தான். மிர்தா கத்தி எடுக்காமல் குடல் கழுவும் வேலையை எடுத்துக்கொண்டாள். நான் பழைய கத்தியால் வெந்நீர் ஊற்றிய தோலில் மயிர் சுரண்டினேன். முதல் பன்றியைப் பிளக்கும்வரை ஒன்றுமில்லை. கையில் கொழுப்பு பட்டதும் வெள்ளிப்பிடி வழுக்க ஆரம்பித்தது. ஒருமுறை நழுவியது. துடைத்துவிட்டுப் பிடித்தான். மறுபடி நழுவி, குதிரைத்தலை உள்ளங்கையில் குத்தியது. மூன்றாம் முறை கத்தி அவன் காலடியில் விழுந்தது. எடுத்துக் கழுவி, சாக்கில் வைத்துவிட்டு அகலக் கத்தியை எடுத்தான். பிளப்பதற்கு அதுதான் சரி என்று அவன் தோளே சொன்னது.

உடனே ரூபென் வெள்ளிப்பிடிக்குத் தாவினான். அரை மணி நேரம். தொடையெலும்பைச் சுற்றி அறுக்கும்போது அது கையில் இரண்டுமுறை சுழன்றுவிட்டது. அவனும் மெல்லிய கத்திக்கே திரும்பினான். பத்து மணிக்குமேல் வெள்ளிப்பிடி சாக்கில் தனியாகக் கிடந்தது. எடெல்வினா மாத்தேயை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவும் அதைத் திருவிழாவுக்கு மட்டும் இடுப்பில் செருகுவார். ஒருநாள்கூட அதை வைத்து வேலை செய்ததில்லை. இது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு வேளையில் மற்ற மூன்று கத்தியும் கொழுப்பாக இருந்தன. குடல் கழுவிக்கொண்டிருந்த மிர்தா கை துடைத்து வந்து, சுத்தமாகக் கிடந்த வெள்ளிப்பிடியை எடுத்து ரொட்டி அறுத்தாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தட்டிலிருந்த இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினாள். அவர்களுக்குள் அது வழக்கமாகியிருந்தது. நாங்கள்தான் கவனித்ததில்லை.

எடெல்வினா ஒல்வரைப் பார்த்து அகலக் கத்தி உனக்கு என்றாள். மெல்லியது ரூபெனுக்கு. "அண்ணே, உன் வயசுக்கு அந்தத் தேஞ்சது போதும்," என்றாள் என்னிடம். "இது மிர்தா கையிலயே இருக்கட்டும்."

ஒல்வர் வெள்ளிப்பிடியைப் பார்த்தான், தன் உள்ளங்கையில் சிவந்திருந்த தடத்தைப் பார்த்தான். ரூபென்தான் வாயைத் திறந்தான். "ஏம்மா, இந்த ரொட்டி வெட்டற கத்திக்கா தாத்தாவும் சின்னத் தாத்தாவும் அத்தனை வருஷம் பேசாம இருந்தாங்க?"

"ரொட்டியும் கோணலாத்தான் வெட்டுது," என்றான் ஒல்வர்.

முதலில் சிரித்தது அவனா இவனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

கத்தியை எங்கள் பக்கத்தில் சும்மா வாங்கக் கூடாது. ஒரு நாணயமாவது கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பாசத்தை அறுத்துவிடும். நானும் மிர்தாவும் கொடுத்தோம். ஒல்வர் பைகளைத் தட்டினான், ஒன்றும் இல்லை. ரூபென் இரண்டு நாணயம் எடுத்து ஒன்றை அண்ணன் பக்கம் தள்ளினான். "இந்தாண்ணே. இதையாவது அம்மாகிட்ட குடுத்துடு, எனக்குத்தான்னு சொல்லாத," என்றான். ஒல்வர் அவன் பிடரியில் ஒரு தட்டு தட்டினான். நான்கு மாதத்துக்குப் பிறகு தம்பியின் மேல் பட்ட முதல் கை.

பிறகு நான் நோட்டை எடுத்தேன். எந்தக் கத்தி, எத்தனை விரல்கடை, யாருக்கு என்று நான்கு வரி எழுதி, மைப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். பண்ணைக் கூலித்தாளிலும் புருஷனின் இறப்புப் பதிவிலும் நிலப் பத்திரத்திலும் அவள் கட்டைவிரலைத்தான் வைத்திருக்கிறாள்.

"மையை மூடி வை அண்ணே. பேனாவைக் குடு."

நாங்கள் பார்த்தோம். ஏப்ரலிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூட டீச்சர் வீட்டுக்குப் போய்வந்தாளாம். பாலாடைக்கட்டி விற்கப் போகிறாள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். "கத்தி பிடிக்க மாட்டேங்குற கை பேனாவையாவது பிடிக்குதான்னு பாக்கப் போனேன்," என்றாள்.

மடங்காத இரண்டு விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகிக்கொண்டாள். எங்கள் மொழியில் அவள் பெயர் எட்டு எழுத்து, குடும்பப் பெயர் ஐந்து. அடுப்பில் கொழுப்பு உருகும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி எழுத்தை முடித்ததும் நோட்டை என் பக்கம் தள்ளி, தேதியை நீ போடு என்றாள். போட்டேன்: 1989 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை.