சௌடையா பொம்மைக்குச் சொன்ன குறை

அருப்புக்கோட்டை நெசவாளர் சங்கமொன்றில் சேலைகளுக்குக் குறை பார்ப்பவர் சௌடையா. முப்பது வருடத்தில் எந்தச் சேலையையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. திருப்பி அனுப்பாவிட்டால் அதுவே பாராட்டு.

1996இல், மலேசியாவில் பொம்மைக் கம்பெனிக்குப் போயிருந்த மருமகன் நாகேந்திரனிடமிருந்து பார்சல் வந்தது. உள்ளே வீடியோ கேமில் சண்டை போடும் வீரனின் பொம்மை; அங்கே சேர்த்து வைப்பதற்கென்றே வாங்குகிறார்களாம். 'எப்படி இருக்குன்னு எழுதுங்க மாமா' என்றொரு சீட்டும் இருந்தது.

சௌடையா வீரனை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்காலில் ஒட்டுத் தெரிகிறது, வாள் கையில் நிற்கவில்லை, இடது கண் மாறுகண், தீட்டியவனுக்குக் கை நடுக்கம் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டுத் திருப்தியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

எழுதியதைக் கேட்ட மகள் ஜீவிதா, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கண்ணு தீட்டுறதுதான்ப்பா அவுக வேலை. என்னைய அங்க கூப்பிடுற பேச்சே ரெண்டு வருசமா இல்ல. இப்பத்தான் தான் செஞ்சத ஆசையா அனுப்பிருக்காக."

"எப்படி இருக்குன்னுதானம்மா கேட்டாரு?"

"அவுக என்ன சேலையாப்பா, மடிச்சுத் திருப்பி அனுப்ப?"

சௌடையா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். 'மாப்பிள்ளைக்கு, வலது கண் பரவாயில்லை' என்று எழுதினார். அதற்கு மேல் எப்படிப் பாராட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.