சுல்மிராவின் முதல் பழம்

சுல்மிரா கோழிகளுக்கு முன்பே எழுந்துவிடுவாள். கோடை பிறக்கும் டிசம்பரில் கேட்கவே வேண்டாம். கீரைக்குத் தண்ணீர் விட்டு, தக்காளிக்கு முட்டுக் கொடுத்து, எருக்குழியைக் கிளறிவிட்டுத்தான் மாத்தே இலைத் தேநீர்க் குடுவையைக் கையில் எடுப்பாள். அவள் கணவர் அன்செல்மோ கூடவே இருப்பார். பேச மாட்டார். நாலு பேர் கூடினால் தொப்பியைப் பிசைந்துகொண்டு நிற்கிற மனிதர்.

பிரேசிலின் இந்தத் தெற்கு மலையில் மருந்தடிக்காமல் பயிர் செய்கிறவர்கள் நாங்கள் பதினொரு குடும்பம். வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் போய்ப் பார்ப்போம். குறையில்லை என்றால்தான் இயற்கை விளைச்சல் என்ற முத்திரை. முத்திரை போனால் சனிக்கிழமைச் சந்தையில் இடமும் போய்விடும். சுல்மிராவுக்கு அந்தச் சந்தைதான் உயிர்.

நவம்பரில் முழங்கால் அறுவைக்காக அவள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஈ முட்டையிட்டுப் புழு வைக்காமலிருக்க பீச் காய்களுக்குக் காகித உறை கட்டும் நேரம் அது. வேலியோரத்து நாலு மரம் உறையில்லாமல் நின்றுபோனது. திரும்பி வந்து பார்த்தால் அந்தக் காய்களில் ஒரு ஈகூட வாய் வைக்கவில்லை.

"பாத்தியா நொயெலி, எல்லாம் ஈ பிடிக்க நான் கட்டித் தொங்கவிட்ட காடி பாட்டில் செஞ்ச வேலை!" என்று மூன்று வாரம் என் காதைத் தின்றாள். நானும் பொறாமையோடு கேட்டுக்கொண்டேன்.

பார்வையிட நாங்கள் ஐந்து பேர் போனோம். முடிவு எழுதும் தாள் என் கையில். கடைசியில் தோட்டக்காரரே ஒரு பழம் பறித்து, கழுவாமல் முதல் கடி கடிப்பது எங்கள் வழக்கம். சுல்மிரா நேரே வேலியோரத்துக்கு நடந்தாள். முதலில் பழுத்ததைப் பறித்துப் பாவாடையில் துடைத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

அன்செல்மோ பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் சுல்மி. தின்னாத."

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

"மருந்தடிச்சேன். நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. போன வருசம் புழுவப் பாத்துட்டு நீ அழுதது..." பழத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு வருடத்துக்கு முத்திரை கிடையாது என்று எழுதினேன். எழுதும்போது என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை சந்தையில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. மனசு கேட்காமல் மறுநாள் அவள் தோட்டத்துக்குப் போனேன். அன்செல்மோ குழி வெட்டி நாலு மரத்துப் பழங்களையும் புதைத்துக்கொண்டிருந்தார். ஏணியடியில் உட்கார்ந்திருந்தாள் சுல்மிரா.

"இன்னும் பேசலியா அவரோட?"

"எப்படிப் பேசுவேன்? ஊர் பூரா பாட்டிலப் பத்திப் பீத்திக்கிட்டேனே! கல்லு மாதிரி கேட்டுக்கிட்டு நின்னான் மனுசன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நொயெலி, என் கல்யாணத்துல சம்மதம்னு சொல்லவே அவன் வாய் குழறுச்சு. அஞ்சு பேர் முன்னால எப்படித்தான் பேசினானோ."

வீட்டருகே நின்ற மரத்தில் ஓர் உறையைப் பிரித்துப் பழத்தைப் பிட்டாள். காகிதம் கிழிந்திருந்தது போலும், உள்ளே ஒரு புழு நெளிந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"யோவ், இங்க வா! இதுல மருந்து படல, உயிரோட இருக்கு பாரு!"

அன்செல்மோ மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். புழு இல்லாத பாதியை அவள் அவர் வாயில் வைத்தாள்.