வால் மட்டும் உள்ள சிங்கம்

எந்தக் கம்பளம் வந்தாலும் சனோபர் அக்கா அதை முதலில் குப்புறத்தான் போடுவாள். பூவையும் மானையும் மெச்சுவது வாங்க வருகிறவர்கள் வேலை. அவளுக்கு முடிச்சு தெரிய வேண்டும். சர்க்கரைக் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கியபடி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இவ மாசமா இருக்கறப்ப நெய்திருக்கா. குனிய முடியாம முடிச்செல்லாம் தளர்ந்துபோச்சு பாரு" என்பாள். ஷிராஸ் கடைவீதியில் பழைய கம்பளங்களைச் சீர்செய்கிறவர்கள் பதினோரு பேர். இப்படி வம்பு பேசிக்கொண்டே ஊசி போடுகிறவள் இவள் ஒருத்திதான். பக்கத்துக் கடையில் கம்பளி நூல் விற்கும் எனக்குப் பொழுது போவதே அதனால்தான்.

அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு பாதிச் சிங்கம் தொங்கும். பின்னங்கால்கள், தூக்கிய வால், அவ்வளவுதான். கஷ்காய் நாடோடிகளின் கூடாரத்தில் அவள் அம்மா நெய்தது. அப்பா இறந்ததும் அண்ணன் அயாஸ், ஆட்டுமயிர் கத்தரிக்கும் கத்தரியை எடுத்து அதை வயிற்றோடு நறுக்கினான். "ஆளுக்குப் பாதி" என்று தலையைக் கொண்டுபோய் எங்கேயோ விற்றுவிட்டான். இருபத்திரண்டு வருஷமாக அக்கா அந்தத் தலையைத் தேடுகிறாள். அம்மா திருஷ்டிக்காக ஓரத்தில் சாணுக்கு ஒரு நீல முடிச்சு போடுவாளாம். குப்புறப் போடுவதே அதைத் தேடித்தான்.

"வால வச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போற?" என்று சீண்டுவேன்.

"நீ தலைய வச்சுக்கிட்டு என்னடா பண்ணிட்ட?"

போன செவ்வாய்க்கிழமை வியாபாரி நுஸ்ரத் ஹாஜி ஒரு துண்டைக் கொண்டுவந்து போட்டார். "வெட்டின ஓரத்த மடிச்சுக் குஞ்சம் கட்டிக் குடு தங்கச்சி. பாக்கறவன் முழுசுன்னு நம்பணும்."

அக்கா வழக்கம்போலக் குப்புறப் போட்டாள். விரல் நின்றது. கன்னத்துச் சர்க்கரைக் கட்டி நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு நீலம். ஒரு சாண் தள்ளி இன்னொரு நீலம்!

ஓடிப்போய்ச் சுவரிலிருந்து வாலை இறக்கியவன் நான்தான். இரண்டையும் திருப்பிச் சேர்த்து வைத்தோம். நடுவயிற்றில் சிவப்பு நூல் தீர்ந்து ஆரஞ்சுக்கு மாறிய இடம்கூட வரிசை பிசகாமல் பொருந்தியது. மனித முகமும் மீசையுமாகச் சிங்கம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் போட்ட கூச்சலில் பாதிக் கடைவீதி வாசலில் கூடிவிட்டது.

"என் சரக்கும்மா அது," என்றார் ஹாஜி. "நாளைக்கு வாங்க ஆள் வருது."

அக்கா ஊசியில் நூல் கோத்தாள். வெட்டுப்பட்ட வயிற்றில் மூன்று தையல் போட்டு முடிச்சை இறுக்கினாள். பிறகு கத்தரியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எங்கண்ணன் வெட்டினான். இப்ப நீங்க வெட்டுங்க ஹாஜி."

ஹாஜி கத்தரியைப் பார்த்தார். சிங்கத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக மண்டியிட்டு, முடிச்சுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனியை மட்டும் ஒட்ட நறுக்கினார்.