படகோட்டி வரும் அத்தியாயம்

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சரித்திர நாவலில் என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று நான் படிக்க, இன்னொன்று இரவல் கொடுக்க. இரவல் பிரதியின் அட்டை பிய்ந்துபோய், பழைய காலண்டர் தாளை மடித்து ஒட்டியிருந்தேன். அரிமளத்துப் பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில், என்ன படிக்கலாம் என்று யார் கேட்டாலும், சில சமயம் கேட்காவிட்டாலும், அதைத்தான் கையில் திணிப்பேன். புதுக்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டம் கூடும்போது சரித்திர நாவல் என்றால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். போர்க்களத்தை யார் நன்றாக எழுதுவார், யாருடைய தமிழ் இனிக்கும், யாரை முதலில் தொடக் கூடாது என்றெல்லாம் நீட்டி முழக்குவேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

கணக்கு டீச்சரும் நானும் புதுக்கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போய் வருவோம். அவர் மீமிசல்காரர். அப்பா கடலுக்குப் போகிறவர். அரையாண்டு லீவுக்கு முன்னால் ஒருநாள் பஸ்ஸில், "அப்பாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு டீச்சர். கடலுக்கும் போகக் கூடாது, டிவியும் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. சும்மா இருக்க மாட்டேங்கிறாரு. வாசிச்சுக் காட்டுற மாதிரி ஏதாவது கதை இருந்தா குடுங்க" என்றார். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். "கடல் வருது, கப்பல் வருது. ஒங்க அப்பாவுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும்" என்று சொன்னேன். அப்படியேதான் சொன்னேன்.

லீவுக்கு ஊருக்குப் போய் வந்தவர், கதை கொடுத்த டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் மீமிசலுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அவருடைய அப்பா என் குரல் வந்த பக்கம் திரும்பி, "வாங்க டீச்சர், இங்கிட்டு உக்காருங்க, காத்து வரும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்ததும் கதையைத்தான் எடுத்தார்.

"ராசா மந்திரியெல்லாம் கெடக்கட்டும். அந்தப் படகுக்காரன் இருக்கான் பாருங்க. எளவரசனைக் காட்டிக் குடுன்னு பொன்னக் கொட்டுறாங்க, வாயத் தொறக்கலையே அவன். அந்தப் புயல்ல அக்கரை சேத்துட்டுல்ல திரும்புனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டதில் ஏதோ குழப்பிக்கொண்டார் என்று நினைத்தேன். நாவலில் அந்தப் படகோட்டி கள்ளுக்கும் காசுக்கும் ஆசைப்பட்டு இளவரசனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறவன். "இல்லங்கய்யா, அந்தப் படகோட்டி..." என்று திருத்த ஆரம்பித்தேன். டீ டம்ளர்களுடன் வந்த கணக்கு டீச்சர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வேண்டாம் என்கிற அசைவு. "அந்தப் படகோட்டிய எனக்கும் ரொம்பப் பிடிக்கும்" என்று முடித்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது கணக்கு டீச்சரே சொன்னார்.

"சாயங்காலம் ஆனா அக்கம்பக்கத்து ஆளுங்களும் கதை கேக்க வந்துருவாங்க. அந்த எடம் வந்துச்சு. காட்டிக் குடுத்துடுறான். மீன் நாத்தம் அடிக்கிற வாயில உண்மை எங்க தங்கும்னு எளவரசன் கேக்குறான். எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காங்க. கண்ணு புத்தகத்துலதான் இருந்துச்சு டீச்சர். வாய் வேற கதை சொல்லிருச்சு."

"அப்புறம்?"

"அவன் நல்லவனாப் போனதும் மிச்சக் கதை எதுவும் ஒட்டல. தெனமும் மத்தியானம் உக்காந்து யோசிச்சு வச்சுக்குவேன். சாயங்காலம் வாசிக்கிற மாதிரி சொல்லுவேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. விடை வராத கணக்கை வேறு வழியில் போட்டதைப் போலச் சொன்னார். நான் அதைக் கவனிக்கவே இல்லை என்று ஏதோ முணுமுணுத்தேன். "தெரியும் டீச்சர். கவனிச்சிருந்தா குடுத்துருக்க மாட்டீங்க" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. ஏனென்றால் நான் கவனித்திருந்தேன். இளவரசனின் அந்த வசனத்தைத்தான், எழுத்து எப்படி வெட்டுகிறது பாருங்கள் என்று வாசகர் வட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறேன். கைதட்டல்கூட வாங்கினேன். வசனம் காதில் விழுந்தது. அது யார்மேல் விழுகிறது என்பதுதான் விழவில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸில், "அந்தப் படகுக்காரன் மாதிரி ஆளு வர்ற கதை இன்னொண்ணு இருக்கான்னு அப்பா கேக்குறாரு" என்றார் கணக்கு டீச்சர். வீட்டு அலமாரியில் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினேன். படகோட்டிகள் வந்தார்கள். துடுப்புப் போட்டார்கள், வழி சொன்னார்கள், குடித்தார்கள், அரசிளங்குமரிகளுக்குக் கைகட்டி நின்றார்கள். கொண்டுபோய்க் கொடுக்க ஒன்றும் தேறவில்லை. அதைச் சொன்னபோது அவர், "பரவாயில்ல டீச்சர், நானே பாத்துக்கிறேன்" என்றார்.

இன்றும் வாசகர் வட்டத்துக்குப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் நல்ல சரித்திர நாவலாகச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். சொல்லத் தொடங்கும்போது, அந்த இரவல் பிரதியை வாங்கிப்போன பழைய முகங்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. பஸ்ஸில் பழக்கமானவர்கள், பள்ளி ஊழியர்கள், மாணவர்களின் பெற்றோர்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த வசனம் வரும் பக்கத்தோடு புத்தகத்தை மூடி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திருப்பித் தரும்போது எல்லோரும், "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றுதான் சொன்னார்கள்.