சாவில்லாதவர் மேல் லாரி ஏற்றிய நாள்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். போன கோடை விடுமுறையில் அவருக்குப் படம் எடுக்கும் கிறுக்குப் பிடித்தது. முந்நூறு வருஷமாகச் சாகாத ஒருவர் இன்றைக்கு நாமக்கல்லில் முட்டை வியாபாரியாக உட்கார்ந்திருக்கிறார், அதுதான் கதை. சாகாதவராக நடித்தவர் அதே பள்ளியின் கணக்கு வாத்தியார். மேக்கப், சாப்பாடு, ரத்தம் மூன்றும் என் பொறுப்பு. சர்க்கரைப் பாகில் கேசரிப் பவுடரைக் கலந்து ரத்தம் காய்ச்சினேன். மனுஷனுக்குச் சாவு வராவிட்டாலும் எறும்பு வந்தது. பாவம், வாத்தியார் நெளிந்துகொண்டே செத்தார்.

லாரி மோதியும் அவர் எழுந்து நடக்க வேண்டும். அந்தக் காட்சி இல்லையென்றால் படமே இல்லை. என் அண்ணன் வேலை செய்யும் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒரு வண்டியை ஒரு நாளைக்குக் கொடுத்தார்கள். ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. நான்தான் அண்ணனைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், வெளி மாநிலத்தில், அண்ணன் ஓட்டிய லாரிக்குக் குறுக்கே சைக்கிளில் ஒருவர் வந்து விழுந்தார். கூட்டம் கூடினால் டிரைவரை அடித்தே கொன்றுவிடும். எல்லா டிரைவர்களும் செய்வதைத்தான் அண்ணனும் செய்தார். குதித்து, சோளக்காட்டுக்குள் ஓடி, போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றார். அந்த மனிதர் செத்துவிட்டார் என்பது அங்கேதான் தெரிந்தது. அண்ணன் மேல் தப்பில்லை என்று வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் பட்டறைக்குள் வண்டியை முன்னே பின்னே நகர்த்துவதோடு சரி. "உசுரு இருந்துச்சா இல்லியான்னு கூட நின்னு பாக்கல அம்முணி" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

ஆள் நடமாட்டமில்லாத புதுச் சாலையில் காட்சி. வாத்தியாருக்குப் பத்தடி முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம். அங்கே லாரி நிற்க வேண்டும். பிறகு வாத்தியார் சக்கரத்தருகே படுத்துக்கொள்வார், டிரைவர் குதித்து ஓடுவார், சாகாதவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போவார். அண்ணன் கோட்டுக்கு வெகுதூரம் முன்னாலேயே நிறுத்திவிட்டார். இரண்டாவது முறையும் அப்படியே.

அண்ணன் இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம், "என்னால ஆவாதுங்க மாப்ள" என்றார்.

"போதும், வண்டியத் திருப்புங்கண்ணா" என்று கத்தினேன். படமாவது மண்ணாங்கட்டியாவது. அண்ணன் கேட்கவில்லை. மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டார்.

மூன்றாவது முறை லாரி சரியாகக் கோட்டில் நின்றது. வாத்தியார் ரத்தத்தைப் பூசிக்கொண்டு படுத்தார். கேமரா ஓடியது. அண்ணன் குதித்தார். ஓடவில்லை. மண்டி போட்டு, வாத்தியாரின் தலையை மடியில் வைத்து, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க... கண்ண முழிச்சுப் பாருங்க சாமி."

கதையில் இல்லாததற்கு வாத்தியார் என்ன செய்வார்? மெதுவாகக் கண்ணைத் திறந்து, "எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார். அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கேமராவை நிறுத்தாத என் வீட்டுக்காரர் மேல் ஆத்திரமாக வந்தது. அவர் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் ஆத்திரம் போய்விட்டது. அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

வெயில் இறங்குவதற்குள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மச்சான், கதைப்படி ஓடற மாதிரி ஒருக்கா எடுத்துக்கலாமுங்களா?"

"ஓடுனது போதுமுங்க மாப்ள" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் கேமராவைப் பையில் வைத்துவிட்டார்.